கதை கேட்கும் கொடை

அமெரிக்காவில் சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரும் ஒரு மாணவருக்கு 2024-25 கல்வியாண்டில் அறிவிக்கப்பட்ட சராசரிக் கட்டணம் 11,610 டாலர். விடுதியும் சாப்பாடும் இதில் சேராது. டூரெட் நோய்க்குறி உள்ள மாணவர்களுக்கென்றே அங்கே கல்லூரி உதவித்தொகைகள் உண்டு. நியூ ஜெர்சி டூரெட் மையம் போன்ற அமைப்புகளும், இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் தொடங்கிய சிறு அறக்கட்டளைகளும் அவற்றைத் தருகின்றன. தொகை பெரும்பாலும் சிறியது. ஐந்நூறு, ஆயிரம் டாலர் என்ற அளவு. புத்தகத்துக்கும் பேருந்துக்கும் காணும், பட்டத்துக்குக் காணாது. ஆனாலும் தொகை சிறியது என்பதற்காக இந்த ஏற்பாட்டை ஒதுக்கிவிட முடியாது. அதன் பெருமை தொகையில் இல்லை; அதன் குறையும் தொகையில் இல்லை.

1885இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் தெ லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. கண் படபடவென்று சிமிட்டும், கழுத்து வெட்டும், தொண்டை செருமும், குரைப்பதுபோல் ஒலி எழும். ‘டிக்’ எனப்படும் இவை தாமாகவே வருகின்றன. சினிமா விரும்பிக் காட்டும் கெட்ட வார்த்தைப் பீறிடல் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோரிடமே உண்டு. பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கி, பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும். பலருக்குப் பதின்பருவக் கடைசியில் தணியும். அறிவுத்திறனை இது தொடுவதில்லை. ஆனால் கவனக்குறைபாடும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச்சுழலும் பலருக்கு உடன்வருகின்றன.

ஒரு பிள்ளை படிக்கும் பழக்கத்தை ஊன்றிக்கொள்ள வேண்டிய வயதிலேயே நோய் உச்சத்தில் நிற்கிறது என்பது இதன் பொருள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் உதவித்தொகைக்கு அந்த ஆண்டுகள் வெறும் குறைந்த மதிப்பெண்தான். டூரெட் உதவித்தொகையோ அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்கிறது. வேறு யாரும் கேட்காத கேள்வி அது. இந்த ஏற்பாட்டின் முதல் நியாயம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை, விண்ணப்பத்தில் தன் பெயரையும் நோயின் பெயரையும் அருகருகே எழுதுகிறது. 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகப் பலமுறை பந்தைத் தடுத்த அமெரிக்கக் கோல்காப்பாளர் டிம் ஹாவர்ட் நியூ ஜெர்சிக்காரர், டூரெட் உள்ளவர். அவர் பெயரில் அங்குள்ள மையம் பதின்பருவத்தினருக்குத் தலைமைப் பயிற்சி நடத்தியிருக்கிறது. உதவித்தொகையும் அப்படி ஒரு கூட்டத்துக்குள் கூட்டிப்போகும் வாசல். தன்னைப்போல் இன்னொருவரை அதுவரை நேரில் கண்டிராத பிள்ளைக்கு அது ஆயிரம் டாலரைவிடப் பெரிது.

கோளாறு விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது.

இத்தகைய உதவித்தொகைகள் வழக்கமாக ஒரு கட்டுரை கேட்கின்றன: நோயை எப்படி எதிர்கொண்டாய், அது உன்னை எப்படி உருவாக்கியது? கேள்வி அன்பானது. ஆனால் அதற்குள் பதிலும் அச்சிடப்பட்டிருக்கிறது: வென்றேன் என்று சொல். டூரெட் உள்ள பிராட் கோஹன் ஆசிரியர் வேலை தேடியபோது 24 பள்ளிகள் மறுத்தன. 25ஆவது பள்ளி ஏற்றது. ஜார்ஜியா மாநிலத்தில் புதிய ஆசிரியருக்கான விருதும் பெற்றார். அவர் கதை 2005இல் புத்தகமானது, 2008இல் தொலைக்காட்சிப் படமானது. 2018இல் வந்த ‘ஹிச்கி’ இந்திப் படமும் அதிலிருந்து பிறந்ததே. உண்மையான, அருமையான கதை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் அளக்க அது கோலாகக் கூடாது. டூரெட் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பள்ளிக்கே மாதக்கணக்கில் போக முடியாத, எந்த மன்றத்திலும் சேராத, சொல்ல வெற்றி எதுவும் இல்லாத மாணவரின் விண்ணப்பம்தான் குவியலில் மிகவும் மெலிந்து தெரியும். பணம் அதிகம் தேவைப்படுபவரும் அவரே.

மருத்துவர் சான்று என்ற நிபந்தனையும் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2007 கணக்கெடுப்புத் தரவில், நோய் கண்டறியப்பட்டிருப்பதற்கான வாய்ப்பு வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நோய் தோலின் நிறம் பார்த்து வருகிறது என்று இதற்குப் பொருள் கொள்வது கடினம். ஒரு வீட்டில் நரம்பியல் மருத்துவரிடம் போகும் அதே கழுத்துவெட்டு, இன்னொரு வீட்டில் குறும்பு என்று தண்டிக்கப்படுகிறது. பின்னவரிடம் சான்று இல்லை. சான்று இல்லாததால் கொடையும் இல்லை.

கொடுப்பவர் கையில் இல்லாத ஒரு குறையும் உண்டு. அதிகம் உறுத்துவது அதுதான். வெளியிலிருந்து ஆயிரம் டாலர் வந்தது தெரிந்ததும் தான் தரவிருந்த உதவியில் ஆயிரத்தைக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. பிள்ளையின் நோயைச் சொல்லிப் பெற்ற பணம் கல்லூரியின் கணக்கில் மிச்சமாகிறது. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கடிவாளம் போட்டது. நியூ ஜெர்சி, கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் பின்னர் சட்டம் செய்தன. மற்ற பல இடங்களில் வழக்கம் தொடர்கிறது.

பணம் சேர்ந்தாலும் தேர்வறை காத்திருக்கிறது. டிக்கைச் சிறிது நேரம் அடக்கலாம். அடக்குவதிலேயே கவனம் தீர்ந்துபோகும். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பாரோ என்று தொண்டையை இறுக்கிக்கொண்டு கணக்குப் போடுபவருக்குத் தேவை தனி அறையும் கூடுதல் நேரமும். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இதற்கு உரிமை தருகின்றன. பள்ளியில் இந்தப் பொறுப்பு பெரிதும் பள்ளியுடையது. கல்லூரியில் மாணவரே போய்த் தன் நோயைச் சொல்லிக் கேட்க வேண்டும். கல்லூரிக்கு வந்த மாற்றுத்திறன் மாணவர்களில் அதைக் கல்லூரியிடம் தெரிவித்தவர்கள் 37 சதவீதம்தான் என்கிறது அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம். உதவித்தொகைக் குழுவிடம் இரண்டு பக்கம் மனம்திறந்து எழுதிய பிள்ளையே கல்லூரி அலுவலகத்தில் வாய் திறக்கத் தயங்கக்கூடும்.

அறக்கட்டளைகள் கை வைக்க வேண்டிய இடம் இதுவே. காசோலையோடு, அந்த அலுவலகப் படிவத்தை நிரப்ப உதவும் மூத்த மாணவர் ஒருவரையும் அனுப்பலாம். வெற்றிக் கட்டுரைக்குப் பதிலாகக் குடும்ப வருமானத்தையும் இந்த ஆண்டின் தேவையையும் கேட்கலாம். மருத்துவர் சான்று இல்லாதவரிடம் பள்ளி ஆலோசகரின் கடிதத்தை ஏற்று, முதல் தவணையை நோய் கண்டறியும் செலவுக்கே தரலாம். ஓர் ஆண்டோடு நிறுத்தாமல் அதே மாணவருக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டும் தரலாம்; அப்படித் தருவதானால், இன்று ஆண்டுக்குப் பத்துப் பேருக்குத் தரும் சிறு அறக்கட்டளை புதிதாக மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ள நேரும். நிறைய பிள்ளைகளை மேடையேற்றிப் பழகியவர்களுக்கு அது எளிதான முடிவல்ல. இருந்தாலும் அந்த மூவரின் பக்கமே நியாயம் அதிகம்.