கையறுநிலையும் கைவிட்ட விளையாட்டும்: புறநானூறு 243 – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்று 243ஆம் பாடல் இளமை நிலையாமையை உணர்த்துவதாகவே பெரிதும் படிக்கப்பட்டு வருகிறது. அதற்கு வகுக்கப்பட்ட துறையோ கையறுநிலை. அத்துறைப் பெயரை நேர்ப்பொருளில் கொண்டால், பாடல் இரங்குவது கழிந்த பருவத்துக்காக என்பதைவிட, உடல் அறிந்திருந்து இழந்த ஒரு செயலுக்காக என்பது புலனாகும். இவ்வாசிப்பை மகளிர் விளையாட்டு பற்றிய சங்கச் சான்றுகளோடும், 'வாடிவாசல்' குறுநாவலோடும், நீலமலையின் நடுவட்டம் போன்ற சரிவு நிலத்தின் முதுமையோடும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கையறுநிலை, முதுமை, நீர்விளையாட்டு, இற்செறிப்பு, இளவட்டக்கல், நடுவட்டம்

துறையும் வைப்புமுறையும்

1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த நாள்முதல் இன்றுவரை கல்லூரிப் பாடத்திட்டங்களில் மிகுதியும் இடம்பெற்றுவரும் புறப்பாடல்களுள் 243ஆம் பாடலும் ஒன்று. வகுப்பறையில் அது நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரிதும் கையாளப்படுகிறது. நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்தோடு இணைத்துக் காட்டப்படுவதும் உண்டு. இந்த இணைப்பில் ஒரு பிழை இருக்கிறது. நாலடியார் இளமையை நம்பத்தகாத ஒன்றாகக் காட்டித் துறவின் பக்கம் கைநீட்டுகிறது. விழுத்தண்டினார் எந்தப் பக்கமும் கைநீட்டவில்லை. அறிவுரை பெறுவோர் எவரும் அவர் பாடலில் இல்லை.

முதியோரை நேராக விளித்து அறம் கூறும் பாடல் புறநானூற்றிலேயே இருக்கிறது. நரிவெரூஉத்தலையாரின் 195ஆம் பாடல் நரைத்த முதியோரைக் கூப்பிட்டு, நல்லது செய்ய இயலாவிடினும் அல்லது செய்வதையேனும் விடுமாறு கூறுகிறது. அதன் துறை பொருண்மொழிக்காஞ்சி. 243ஆம் பாடலும் நிலையாமை பற்றிய அறவுரையே என்று துறை வகுத்தோர் கருதியிருந்தால், பொருண்மொழிக்காஞ்சி என்ற பெயர் அவர்கள் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. அதை விடுத்துக் கையறுநிலை என்றே குறித்தனர்.

கையறுநிலை இறந்தோர்க்காக எஞ்சியோர் புலம்பும் துறை. தொல்காப்பியம் அதனைக் காஞ்சித்திணைத் துறைகளுள் வைக்கிறது. புறநானூற்றில் 243க்கு முன்னும் பின்னும் உள்ள பாடல்களும் சாவின் பாடல்களே. 241 ஆய் அண்டிரனின் மறைவைப் பாடுகிறது; 242 ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனின் மறைவை. 245இல் சேரமான் மாக்கோதை தன் மனைவியின் ஈமத்தைக் கண்டு கலங்குகிறான். 246 பெருங்கோப்பெண்டு தீப்பாயும் பாடல். இவ்வளவு பிணங்களுக்கு நடுவே, ஒருவரும் இறக்காத பாடல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. தொகுத்தோர் இதைத் தவறுதலாகச் செய்தனர் என்று கொள்வதற்கு இடமில்லை. இறந்தவரும் புலம்புபவரும் ஓருடலுக்குள் இருக்கும் கையறுநிலை இது என்று அவர்கள் படித்திருக்க வேண்டும்.

கையின் வரலாறு

கையறுதல் என்பதற்கு உரையாசிரியர்கள் செயலறுதல் என்று பொருள் கூறுவர். இறந்தோர்க்கு இரங்கும் பிற பாடல்களில் அச்சொல் உள்ளத்தின் செயலற்ற தன்மையைக் குறிக்கும் வழக்காக உறைந்துவிட்டது. 243இல் அது மீண்டும் உடலுக்குத் திரும்புகிறது. பாடலைக் கைகளின் வரிசையாகவே படிக்கலாம். முதலில் மணலைத் திரட்டிப் பாவை செய்து அதற்குப் பூக்கொய்து சூட்டும் கை. அடுத்து, குளிர்ந்த குளத்தில் ஆடும் மகளிரின் கையோடு கோத்த கை. பின்னர், நீர்த்துறையில் தாழ்ந்த மருதமரத்தின் கிளையைப் பற்றி ஏறும் கை. அங்கிருந்து குதித்து ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளி மேலே கொண்டுவந்து காட்டும் கை. இறுதியில், பூண்கட்டிய தலையையுடைய பருத்த தடியை ஊன்றும் கை. இவ்வைந்தில் நான்கு இளமைக்குரியவை, ஒன்று முதுமைக்குரியது. புலவரின் இயற்பெயர் மறைந்து, அந்த ஐந்தாம் கையில் இருந்த கோலே அவர் பெயராகிவிட்டது. தொடர்களால் பெயர்பெற்ற சங்கப் புலவர் பலர் உளர். எனினும் தம் இழப்பின் அடையாளத்தையே பெயராகப் பெற்றவர் இவர்.

மணல் இருமுறை வருவதும் கருதத்தக்கது. பாடல் தொடங்குகையில் கரைமணல் எளிதில் கிடைப்பது. குழந்தையும் அதை அள்ளும். இளமையின் உச்சத்தில் வருவது மடுவின் அடியில் கிடக்கும் மணல். அது ஒரு சான்று. ஆழம் தொட்டதாக வாயால் சொன்னால் கரையில் நிற்போர் நம்பமாட்டார்கள். உள்ளங்கையில் இருக்கும் மணல் அதை மெய்ப்பிக்கிறது. நீர்விளையாட்டில் தேர்ந்த எந்தச் சிறுவனுக்கும் இன்றும் தெரிந்த விதி இது. ஆகவே பாடல் நினைவுகூர்வது பொதுப்படையான 'இன்பமான நாட்கள்' அன்று. ஏறுதல், குதித்தல், மூச்சடக்கல், அடிதொடல், மேலே வந்து காட்டல் என்ற ஒழுங்குடைய ஒரு திறம், அதைப் பார்த்து வியக்கும் கரையோர், வஞ்சமின்றிக் கூடிய தோழர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே புலவர் இழந்தது. முதுமையில் இம்மூன்றும் ஒன்றாகப் போய்விடுகின்றன. எஞ்சுவது இருமலுக்கு இடையிடையே வெளிவரும் சில சொற்கள். மூச்சையடக்கி மடுவின் அடிவரை சென்ற அதே மார்பு இப்போது ஒரு தொடரை முடிக்கப் போதவில்லை. புலவர் இந்த ஒப்பீட்டை வெளிப்படச் சொல்லவில்லை. இரண்டு செய்திகளையும் ஒரே பாடலில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்.

இங்கே பாடலில் இல்லாத ஒன்றையும் சுட்டவேண்டும். இன்றைய சிறுவர் அந்தத் துறையில் குதிப்பதாகப் புலவர் கூறவில்லை. விளையாட்டு அடுத்த தலைமுறையிடம் தொடர்கிறது என்ற ஆறுதல், முதுமை பற்றிய எழுத்துகளில் எளிதில் வந்து ஒட்டிக்கொள்வது. 243 அந்த ஆறுதலை ஏற்கவில்லை. மருதமரமும் மடுவும் அங்கேயே இருக்கலாம். தம் கை அங்கே இல்லை என்பதே அவருக்குச் செய்தி.

கைகோத்த மகளிர் எங்கே?

மேற்கூறிய வாசிப்பை ஏற்றால் ஒரு வினா எழுகிறது. குளத்தில் அவரோடு கைகோத்து ஆடிய மகளிர் முதுமையில் எதை நினைத்து இரங்கினர்? பாடலின் இறுதியில் புலவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். அந்தப் பன்மை தோழரையும் உள்ளடக்கியது என்று கொள்ளலாம். மகளிரையும் உள்ளடக்கியது என்று கொள்வது கடினம். ஏனெனில் அவர்கள் அக்குளத்தை விட்டு முதுமைக்கு நெடுநாள் முன்னரே வெளியேறியிருப்பர்.

அகப்பாடல்கள் இதற்குச் சான்று. ஓரை, வண்டல், பந்து, கழங்கு என மகளிர் விளையாட்டுகளை விரித்துரைக்கும் அதே பாடல்மரபு, இற்செறிப்பையும் இடைவிடாது பேசுகிறது. ஆடவனின் விளையாட்டை முதுமை நிறுத்துகிறது. பெண்ணின் விளையாட்டை இளமையே நிறுத்துகிறது. நற்றிணை 68இல் தோழி, இளமகளிர் ஆயத்தோடு ஓரை ஆடாமல் வீட்டில் அடைபட்டிருப்பது அறமும் ஆகாது, இல்லத்துச் செல்வமும் குறையும் என்று அன்னைக்கு எடுத்துச் சொல்வார் உண்டோ என ஏங்குகிறாள். களவொழுக்கத்துக்கு வழிதேடும் தோழியின் உத்தியாக இதை விளக்குவது மரபு. உத்தியாகவே இருக்கட்டும், ஆடாதிருத்தல் அறமன்று என்ற வாதத்தை அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பது சிறிய செய்தி அன்று.

புறநானூற்று முதுமகளிரை நோக்கினால் வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. 277, 278ஆம் பாடல்களில் வரும் நரைத்த தாயர் உவக்கவும் கலங்கவும் செய்வது மகனின் போர்க்களச் செயலை முன்னிட்டே. அவர்களுடைய கைகள் ஒருகாலத்தில் என்ன விளையாடின என்று பாடல் கேட்பதில்லை. விழுத்தண்டினாரின் பாடலுக்கு இணையாக, நீராடிய இளமையை நினைந்து இரங்கும் முதுமகள் ஒருத்தியின் கையறுநிலை புறநானூற்றில் இல்லை. 243இன் சிறப்பைப் போற்றும் திறனாய்வு இவ்வெற்றிடத்தையும் அதனோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

சொல்லாக மாறும் உடல்

இருபதாம் நூற்றாண்டில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இவ்வினாவை வேறொரு திசையிலிருந்து அணுகுகிறது. மாடணையும் பிச்சியும் மருதனும் நாயகர்களாகத் தெரிந்தாலும், வாடிவாசலருகே அவர்களோடு பேசிக்கொண்டு நிற்கும் கிழவரின்றி அக்கதை நகர்ந்திருக்காது. எந்தக் காளை எவருடையது, அதன் குணம் என்ன, பிச்சியின் தந்தை அம்புலி காரிக்காளையிடம் எவ்வாறு வீழ்ந்தான் என்ற அறிவெல்லாம் அவர் நாவில் இருக்கிறது. விழுத்தண்டினாருக்கு இருமல் சொல்லைத் துண்டித்தது. இக்கிழவருக்கோ சொல் பெருகுகிறது. உடலால் இனி இயலாததை அவர் கண்ணாலும் வாயாலும் தொடர்கிறார். இளைஞரும் 'பாட்டையா' என்று அழைத்து அவருக்குச் செவிகொடுக்கின்றனர்.

விளையாட்டைக் கைவிடுவதற்கும் விளையாட்டிடத்தைக் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பாத்திரம் காட்டுகிறது. 243இல் கரையில் நின்று வியந்தோர் பெயரற்ற கூட்டம். செல்லப்பா அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு முதியவரைப் பிரித்தெடுத்து அவருக்கு ஒரு பணியைக் கொடுத்திருக்கிறார். விழுத்தண்டினார் கரைக்குத் திரும்பியிருந்தால் இப்படி ஒருவராக ஆகியிருக்கக்கூடும். ஆனால் இந்த மாற்றம் நிகழ ஒரு நிபந்தனை உண்டு: முதியவர் கரைவரை நடந்துவர இயலவேண்டும். சமநிலத்து இலக்கியம் இதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சரிவு நிலம்: நடுவட்டம்

மடுவும் மருதமும் மருதநிலக் காட்சி. அதே இழப்பைக் குறிஞ்சியில் வைத்துப் பார்க்கும்போது பாடலின் இன்னொரு பக்கம் வெளிப்படுகிறது. உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், பீடபூமி முடிந்து இறக்கம் தொடங்கும் விளிம்பில் இருப்பது நடுவட்டம். 1860களில் சிங்கோனா பயிரிடப்பட்டுக் கொய்னா மருந்துக்குப் பெயர்பெற்ற அம்மலைச் சரிவுகளில் பின்னர் தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் பலர், நீலமலையின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இன்றைய முதியோருள் ஒரு பகுதியினர் அவர்களும் அவர்தம் மக்களும்.

இத்தகைய நிலத்தில் திடல் என்பது சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஓர் அரிய பரப்பு. குடியிருப்பிலிருந்து அதற்கு ஏறியோ இறங்கியோதான் போகவேண்டும். முழங்கால் வலுவிழந்தவர் கைப்பந்து ஆட முடியாமற்போவது ஒரு பொருட்டன்று. ஆடுவதைப் பார்க்கச் செல்வதும் அவருக்கு இயலாமற்போகிறது. வாடிவாசல் கிழவரின் இடம் இங்கே எளிதில் வாய்ப்பதில்லை. தோட்டக் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பணி ஓய்வு ஆட்டத்தையும் தோழரையும் கரையையும் ஒருசேர அகற்றிவிடக்கூடும் என்பது தெளிவு. 243இல் மூன்றும் ஒன்றாகப் போவது கவிதையின் செறிவு என்று தோன்றியது; இங்கு அது நில அமைப்பாலும் வேலை அமைப்பாலும் நேர்வது.

பெண்களின் நிலை இங்கும் வேறு. கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு அவர்களுடையது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களின் விரைவு, நீரில் மூழ்கி மணலெடுப்பதற்குச் சற்றும் குறையாத திறம். ஆனால் அது எடையிட்டுக் கூலி பெறும் திறம். விளையாட்டாக அமையாத ஒன்றை இழக்கும்போது இரங்குவதற்குத் துறை எது? இற்செறிப்பு பற்றி மேலே எழுந்த வினா, அடைத்துவைத்தது வீடா வேலையா என்ற மாற்றத்தோடு இங்கே திரும்பி வருகிறது.

நீலமலையின் தொல்குடியான தோடர்களின் மந்துகளில் இளைஞர் தூக்கித் தம் வலிமையைக் காட்டும் உருண்டைக்கற்கள் உண்டு. தென்மாவட்ட ஊர்களின் இளவட்டக்கல் இதற்கு நெருங்கிய உறவு. பொங்கலையொட்டி அது இன்றும் சில ஊர்களில் போட்டியாக நிகழ்கிறது, பெண்களும் தூக்குகின்றனர். மடு தன்னில் மூழ்கியவனின் தடத்தை வைத்துக்கொள்வதில்லை. கல் அப்படியன்று. ஒருகாலத்தில் தோள்வரை ஏற்றியவர் நாள்தோறும் அதைக் கடந்து நடக்கவேண்டும். எடை மாறாமல் அது அங்கேயே கிடக்கும். விழுத்தண்டினார் தம் இளமை எங்கே போயிற்று என்று கேட்க முடிந்தது. கல்லின் முன் நிற்பவருக்கு அவ்வினா வேறுவகையாக எழும். போனது எது, கிடப்பது எது என்று கண்ணெதிரே தெரிகிறது.

நீலமலைப் படகர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) நாவலில் காலம் குறிஞ்சியின் பூப்பால் அளக்கப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு வயதைக் கணக்கிடுவது மலைமக்கள் வழக்கு. இந்த அளவையில் முதுமை நாள்தோறும் சிறுகச் சிறுக வருவதில்லை. ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையே படிபோல வருகிறது. விழுத்தண்டினாரின் பாடலில் அன்று, இன்று என்ற இரண்டு புள்ளிகளே உள்ளன. இடைப்பட்ட ஆண்டுகள் ஒரு சொல்லும் பெறவில்லை. குறிஞ்சிக்கணக்கு அந்த இடைவெளியை எண்ணத் தருகிறது. 2006இலும் 2018இலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகள் பூத்தன. முதல் பூப்பின்போது மலையேறிப் பார்த்து, இரண்டாவதைச் சாலையோரத்தில் நின்று பார்த்த ஒருவர், 2030இல் பூ வரும்போது அதை எங்கிருந்து பார்ப்பது என்பதை இப்போதே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.