முட்டிச்சில்லை இறுக்கும் மூன்று கருவிகள்

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிறவருக்கு முட்டிச்சில்லு உடைந்தால் தறி நின்றுவிடும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதி அழுத்த வேண்டிய வேலை அது. குறுக்கே இரண்டாக உடைந்த சில்லில் கே-வயர் எனும் மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டைச் செலுத்தி, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) வயர் போட்டு இறுக்குவது பழகிய அறுவை சிகிச்சை. 1958இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஏ.ஓ. எனும் எலும்பு முறிவு சிகிச்சைக் குழு இதை உலகெங்கும் பரப்பியது. முழங்கால் மடங்கும்போது சில்லின் முன்பக்கம் விரியப் பார்க்கும். அங்கே இருக்கும் வயர் அதைத் தடுப்பதால், மூட்டுப் பக்கம் உடைந்த முனைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும். வயர் தளர்ந்திருந்தால் இந்தக் கணக்கு அத்தனையும் வீண். பாவு தளர்ந்த தறியில் நெசவு நிற்குமா?

அந்த இறுக்கத்தைத் தரும் கைக்கருவிகள் மூன்றை பயிற்சிக்கான பிளாஸ்டிக் எலும்பிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் பயன்படுத்திய அனுபவத்தில் எழுதுகிறேன்.

சாதாரண பிளையர் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அரைச்சுற்றுக்கு ஒருமுறை பிடியை விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இறுக்கம் கொஞ்சம் நழுவும். பல்லுள்ள வாய் வயரில் கீறல் போடும். பின்னாளில் வயர் அந்தக் கீறலில் அறுந்துபோகலாம். எனக்கு இது பிடிக்கவில்லை.

பூட்டிக்கொள்ளும் வயர் ட்விஸ்டர் வேறு ரகம். கார்பைடு பதித்த முனை இரண்டு இழைகளையும் விடாமல் கவ்வும். முதலில் நேராக இழுத்து, இழுத்த இழுப்பிலேயே முறுக்க வேண்டும். இரண்டு இழைகளும் சம கோணத்தில் ஒன்றையொன்று சுற்ற வேண்டும். ஒன்று நேராக நின்று மற்றது அதைச் சுற்றினால் அந்த முடிச்சு வழுக்கிவிடும். முறுக்கு எலும்பை ஒட்டி வந்த பிறகு 'இன்னும் ஒரு சுற்று' என்று ஆசைப்பட்டால் அடியில் அறுந்துவிடும். எட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு முடிச்சு போட்டால் இறுக்கம் சமமாகப் பரவுகிறது.

மூன்றாவது, கைப்பிடி சுழற்றி இழுக்கும் ஏ.ஓ. டைட்னர். ஒரு முனையில் கண் உள்ள வயர் இதற்குத் தேவை. மறுமுனையைக் கண்ணில் நுழைத்து, கருவியின் மூக்கு வழியாக வாங்கிக் கைப்பிடியில் கோத்துச் சுழற்றினால், முறுக்காமலே வயர் இழுபடும். பிறகு கருவியைச் சாய்த்து வயரை மடக்கி வெட்ட வேண்டும். முறுக்கு முடிச்சைவிட அதிக இறுக்கம் கிடைக்கிறது; தொடை எலும்பைச் சுற்றிக் கட்டும்போது அருமை. ஆனால் சாய்ப்பதில் கை தவறினால் சேர்த்த இறுக்கம் போய்விடும். மூக்குக் குழாய்க்குள் ரத்தம் உறையும்; பிரஷ் விட்டுக் கழுவாமல் ஆட்டோகிளேவில் வைத்தால் பயனில்லை.

எந்தக் கருவியானாலும் கடைசி வேலை கட்டருக்கு. முறுக்கு முடிச்சில் மூன்று நான்கு சுற்று விட்டு வெட்டுங்கள். வெட்டும் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. முடிச்சை முறுக்கின திசையிலேயே மடக்கித் தசைநாருக்குள் புதையுங்கள். சில்லின் மேல் தசையே கிடையாது, வெறும் தோல்தான். துருத்திய வயர் அங்கே குத்திக்கொண்டே இருக்கும்.

சிறிய ஊர் மருத்துவமனைக்கு என் பரிந்துரை: கார்பைடு முனை ட்விஸ்டர் ஒன்று, கூரான தனி கட்டர் ஒன்று. தொடை எலும்பு அறுவை சிகிச்சை அடிக்கடி நடக்கும் இடமென்றால் மட்டும் ஏ.ஓ. டைட்னர் வாங்குங்கள்.