முதியவர் கண்ட ஒளியும் காணாத தீயும்

முதுமையைக் குறித்து நம் ஆலயங்களில் ஆற்றப்படும் மறையுரைகள் பெரும்பாலும் இரு திசைகளையே காட்டுகின்றன. ஒன்று, கடந்துபோன ஆண்டுகளுக்காக நன்றி கூறுவது. மற்றொன்று, வரவிருக்கும் மறுவாழ்வுக்காக ஆயத்தம் செய்வது. இவ்விரண்டுக்கும் இடையே ‘இன்று’ என்றொரு நாள் இருப்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்ற முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்வோர் இதனை நன்கறிவர். அம்முதியோரின் பேச்சு பழைய நாள்களிலோ, தொலைவில் வாழும் பிள்ளைகளின் வருகையிலோதான் நிலைகொண்டிருக்கும்; திண்ணையில் விழும் காலை வெயில் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த மறக்கப்பட்ட நாளையே பொருளாகக் கொண்ட புதினம் ஒன்றை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சன் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிலியட்’ என்னும் புதினம் 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. அயோவா மாநிலத்தில் கற்பனையாக அமைக்கப்பட்ட சிற்றூரின் பெயரே நூலின் பெயர். நாம் திருவிவிலியத்தில் ‘கிலயாது’ என்று படிக்கும் பெயர்தான் இது. காயம் ஆற்றும் தைலத்துக்குப் பெயர்பெற்ற மலைநாடு. கதை நிகழ்வது 1956இல். ஜான் ஏம்ஸ் என்னும் சபைப் போதகருக்கு வயது 76. இதயநோய் அவருடைய நாள்களை எண்ணத் தொடங்கிவிட்டது. காலம் கடந்து வாய்த்த இல்லறத்தில் பிறந்த மகனோ இன்னும் சிறுவன். அவன் வளர்ந்தபின் படிக்கட்டும் என்று அவர் எழுதிவைக்கும் நெடிய மடலே இப்புதினம்.

ஏம்ஸ் 45 ஆண்டுகள் போதித்தவர். தாம் எழுதிய மறையுரைகள் 2,250 இருக்கும் என்று அவரே கணக்கிடுகிறார். அவை பரணில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஆயினும் மடலில் அவர் எழுதோகோல் தேடிச் செல்வது அவற்றையல்ல. தாயும் மகனும் பூனையை நோக்கி ஊதும் சோப்புக் குமிழிகளைப் பற்றி எழுதுகிறார். மழை விட்ட காலையில், நடந்து செல்லும் இளைஞன் ஒருவன் துள்ளிக் கிளையைப் பற்றி உலுக்க, உடன்வரும் பெண்மீதும் அவன்மீதும் நீர் பொழிகிறது. அந்நீரில் அவர் ஓர் அருளைக் காண்கிறார். 18ஆம் நூற்றாண்டின் இயேசு சபைத் துறவி தெ கோசாத், நிகழ்கணத்தையே ஓர் அருளடையாளம்போல் ஏற்கக் கற்பித்தார். கத்தோலிக்கரல்லாத இப்போதகர் அப்பாடத்தை வாழ்ந்தே காட்டுகிறார். நூலின் முதல் சிறப்பு இதுவே.

ஆனால், இந்நூலை ‘இனிய முதுமைக்கு வழிகாட்டி’ என்று மட்டும் போற்றுவோரோடு நாம் உடன்பட இயலாது. நூலில் எரிந்த ஆலயங்கள் இரண்டு வருகின்றன. முதலாவது, ஏம்சின் சிறுவயதில் இடிவிழுந்து எரிந்தது. கொட்டும் மழையில் மக்கள் இடிபாடுகளை அகற்றுகையில், தந்தை கரிபடிந்த கையால் மகனுக்கு ஒரு பிஸ்கட்டைத் தருகிறார். அதை நற்கருணையாகவே ஏம்ஸ் வாழ்நாளெல்லாம் நினைவில் போற்றுகிறார். இரண்டாவது, அவ்வூர்க் கறுப்பின மக்களின் ஆலயம். அதன் பின்சுவருக்கு யாரோ தீ வைத்தனர். அது சிறிய தீதான் என்று சில வரிகளில் அவர் கடந்துவிடுகிறார். அம்மக்கள் ஊரைவிட்டே போயினர். அவர்களுடைய போதகர் விடைபெற வந்தபோது, தம் ஆலய முகப்பிலிருந்து பெயர்த்த லில்லிச் செடிகளை ஏம்சிடம் தந்தார். ஏம்ஸ் அவற்றைத் தம் ஆலயத்தின் முன் நட்டார். ஆண்டுதோறும் அவை பூக்கின்றன. குமிழியையும் மழைத்துளியையும் கண்ட அக்கண்கள், அம்மலர்களைத் தந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்கவில்லை.

இது ஆசிரியரின் கவனக்குறைவா? அன்று என்பதே நம் கணிப்பு. ஏம்சின் நண்பர் மகன் ஜாக் ஊர் திரும்பும்போது இது தெளிவாகிறது. ஏம்சின் பெயரையே தாங்கிய அவனைக் கண்டதும் முதியவரின் அமைதி குலைகிறது. தமக்குப்பின் தம் மனைவியையும் மகனையும் அவன் கவர்ந்துகொள்வானோ என்று அஞ்சுகிறார். இறுதியில்தான் ஜாக் ஒரு நிழற்படத்தைக் காட்டுகிறான். அதில் கறுப்பினப் பெண் ஒருத்தி, அவர்களுடைய மகன். அவர்கள் மணவாழ்வை மிசூரி மாநிலச் சட்டம் ஏற்காது. அத்தகைய சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது 1967இல்தான். அடிமை ஒழிப்புக்காக நின்றோர் நிறுவிய இவ்வூரிலாவது தன் குடும்பம் வாழ இயலுமா என்பதே ஜாக்கின் ஏக்கம். கிலயாதில் தைலம் உண்டா என்று எரேமியா எழுப்பிய வினா இங்கே மீண்டும் ஒலிக்கிறது. ஏம்சிடம் உறுதியான விடையில்லை.

பேருந்துக்காகக் காத்திருக்கும் ஜாக்கின் நெற்றியில் கைவைத்து அவர் ஆசி வழங்கும் காட்சி நூலின் சிகரம். அஞ்சிய ஒருவனை அஞ்சாமல் நோக்கிய அந்நொடியில்தான் அவர் ‘இன்று’ என்பதனுள் முழுமையாக நுழைகிறார் எனலாம். ஆயினும் நமக்கொரு குறை எஞ்சுகிறது. ஆசி பெற்றவனுக்கு அவ்வூரில் வீடு கிடைக்கவில்லை. ஆசி அளித்தவரின் உள்ளம் ஆறுகிறது. பெற்றவனோ பேருந்தேறிப் போகிறான். புதினம் முன்னவரின் நிறைவோடு முடிவது நம்மைச் சற்றே உறுத்துகிறது.

லூக்கா நற்செய்தியின் செல்வரும் நாள்தோறும் இன்புற்றிருந்தவரே. இன்றைய நாளைத் துய்க்க அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வாயிலில் கிடந்த இலாசர் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. ஆதலின், முதுமையில் இக்கணத்தில் வாழ விழைவோருக்கு நாம் கூறுவது இதுதான்: வெயிலைக் காணுங்கள், மழையைக் காணுங்கள், பேரப்பிள்ளைகளின் சிரிப்பைச் செவிமடுங்கள். கூடவே, முற்றத்தில் பூத்திருக்கும் செடி யாருடைய தோட்டத்திலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கேட்பதற்கு ஏம்சுக்குக் காலம் குறைவாகவே இருந்தது. நமக்கு இன்றைய நாள் இருக்கிறது.