பிளாஸ்டிக் குதிரைக்குப் பல் பார்க்கிறவர்கள்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன் நகரம். ஊரைச் சுற்றிலும் ரேஸ் குதிரைப் பண்ணைகள். நம் பரம்பரைச் சொத்தை மொத்தமாக விற்றாலும் ஒரு கால் கூட வாங்க முடியாத நிஜக் குதிரைகள் சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஊர். ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே ஆயிரக்கணக்கான பேர் வந்து இறங்குகிறார்கள். எதற்கு? பிளாஸ்டிக் குதிரை வாங்க.

சிரிக்காதீர்கள். விஷயம் கொஞ்சம் சீரியஸ். இதற்கு ப்ரேயர்ஃபெஸ்ட் என்று பேர். 1990-லிருந்து நடக்கிறது. கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருஷமும் இன்டர்நெட்டிலேயே நடத்திச் சமாளித்தார்கள். இடம், கென்டக்கி ஹார்ஸ் பார்க். மேன் ஓ வார் என்ற புகழ்பெற்ற ரேஸ் குதிரையைப் புதைத்து, மேலே சிலை வைத்திருக்கிறார்களே, அதே பூங்கா. வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறையாக வருகிறவர்களும் உண்டு.

குதிரை பிறந்த கதை சுவாரஸ்யமானது. சிகாகோவில் ப்ரேயர் என்று ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு கம்பெனி. 1950 வாக்கில் ஒரு கடிகாரக் கம்பெனி, மேஜைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு குதிரை செய்து தரச் சொன்னது. செய்தார்கள். கூலிக்குப் பதிலாக அச்சையே ப்ரேயர் வைத்துக்கொண்டது. ஜனங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரையைக் கேட்க ஆரம்பித்தார்கள். கடிகாரம் போச்சு, குதிரை நின்றது. இன்றுவரை நிற்கிறது.

நிஜத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, ஏறக்குறைய முக்கால் அடி உயரம். செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் இரண்டு பாதியாக வார்த்து, ஒட்டி, ஒட்டின தடம் தெரியாமல் உரசி, கையால் பெயின்ட் அடிக்கிறார்கள். 1984-ல் கம்பெனி கை மாறியது. அப்புறம் தயாரிப்பு வெளிநாடுகளுக்குப் போனது. அந்தக் கதை எல்லா பொம்மைக் கம்பெனிக்கும் பொதுவானது, விட்டுவிடலாம்.

நான் சொல்ல வந்தது இந்தக் குதிரைகளைப் பார்க்கிறவர்களின் கண்ணைப் பற்றி.

‘லைவ் ஷோ’ என்று ஒன்று நடத்துகிறார்கள். பேரில்தான் லைவ், மேஜை மேல் உயிருள்ளது எதுவும் கிடையாது. நீண்ட மேஜைகளில் துணி விரித்து, இனவாரியாகக் குதிரைகளை நிறுத்துகிறார்கள். அரேபியன் தனி, குட்டைக் குதிரை தனி, வண்டி இழுக்கிற கனத்த ஜாதி தனி. நடுவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். முழங்கால் சரியான உயரத்தில் இருக்கிறதா, இடது கால் வலது காலை விட நீளமா, குளம்பின் சாய்வு சரியா, இந்த ஜாதியில் இந்த நிறம் மரபணுப்படி சாத்தியமா... இதெல்லாம் கேள்விகள். ‘இப்படியும் நிறம் உண்டு’ என்று நிரூபிக்க, நிஜக் குதிரையின் போட்டோவைப் பக்கத்தில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் தங்கள் பிளாஸ்டிக் குதிரைக்கு அப்பா, அம்மா, தாத்தா வரை வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாணத் தரகர் தோற்றார்.

‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இன்னொரு பிரிவு. இதில் குதிரைக்குச் சேணம், கடிவாளம், அங்கவடி எல்லாம் போட்டு, மேலே ஒரு பொம்மையை உட்காரவைத்து, கன்றுக்குட்டியைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கிற காட்சியோ, வேலி தாண்டுகிற காட்சியோ அமைக்க வேண்டும். தோல் வார் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். பக்கிள் நிஜமாகவே கழற்றி மாட்டுகிற பக்கிள். சவாரிக்காரியின் கை எந்தக் கோணத்தில் லகானைப் பிடித்திருக்கிறது என்பதற்கும் மார்க் உண்டு. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் நம்மவர்கள். இவர்கள் காசு கொடுத்து வாங்கின பிளாஸ்டிக்கையே வாய் திறந்து பார்க்கிறவர்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. குதிரை மேல் ஆசை, வாங்க வசதியில்லை. அப்படிப்பட்ட சிறுமிகள் ஷெல்ஃபில் ஒரு பொம்மையை வைத்துப் பார்த்துப் பார்த்தே குதிரையின் உடற்கூறைக் கற்றுக்கொண்டார்கள். லைவ் ஷோவெல்லாம் பரவுவதற்கு முன்னால், போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பியே போட்டி நடத்தியிருக்கிறார்கள். பார்ப்பதே படிப்பு. இதே காரியத்தை ஆண்கள் பொம்மை ரயில் வைத்துச் செய்தால் ‘நுணுக்கம்’, ‘இன்ஜினீயரிங்’ என்கிறோம். பெண்கள் குதிரை வைத்துச் செய்தால் ‘இன்னும் பொம்மை விளையாட்டா?’ என்கிறோம். இந்த ஓரவஞ்சனைக்கு ஒரு காரணமும் கிடையாது.

ஆனால் அவர்கள் கண்ணிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் விமரிசகன் இல்லை, விளம்பரக்காரன்.

பல வருஷம் ப்ரேயரின் குதிரைகளைச் செதுக்கியவர் கிறிஸ் ஹெஸ். 1961-ல் வந்த அவருடைய ‘ஃபைட்டிங் ஸ்டாலியன்’ படத்தைப் பாருங்கள். முன்னங்கால்களைத் தூக்கி, வாய் பிளந்து, எதிரில் இல்லாத எதிரியோடு சண்டைக்கு நிற்கிறது. தசை அமைப்பில் குறை சொல்லலாம். சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கோபம் நிஜம். பிற்பாடு பிரிகிட்டே எபெர்ல், சாரா ரோஸ் போன்ற சிற்பிகள் வந்தார்கள். நரம்பு, தோல் மடிப்பு, மூக்குத் துவாரத்தின் விரிவு என்று எல்லாம் கச்சிதம். இந்தத் தலைமுறையின் வேலையை நான் ரசிக்கிறேன். இருந்தாலும் ‘திருத்தமாக இருக்கிறதா’ என்ற கேள்வி வேறு, ‘உயிர் இருக்கிறதா’ என்ற கேள்வி வேறு. லைவ் ஷோ மேஜை முதல் கேள்வியைத்தான் கேட்கிறது. இரண்டாவதற்கு மார்க் போட கட்டம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1960-களில் ப்ரேயர் நீலத்திலும் பொன்னிறத்திலும் சில குதிரைகளை விட்டது. முழு நீலம், நீலத்தில் வெள்ளைப் புள்ளி, முழுத் தங்கம், தங்கத்தில் புள்ளி. ‘டெக்கரேட்டர்’ என்று பேர். வரவேற்பறை அலங்காரத்துக்கு ஆகும் என்று நினைத்தார்கள். ஒருத்தரும் சீண்டவில்லை. சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குச் சேகரிப்பவர்கள் ஆலாய்ப் பறப்பது அந்த நீலக் குதிரைக்குத்தான்! நிறம் மரபணுப்படி சாத்தியமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற அதே ஆசாமிகள், உலகத்தில் எந்தக் குதிரைக்கும் இல்லாத நிறத்துக்குப் பர்ஸைத் திறக்கிறார்கள். அழகு என்பதற்காக என்றால் கை தட்டுவேன். பெரும்பாலும் அரிது என்பதற்காக. இரண்டும் ஒன்றில்லையே.

கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். இப்போது ப்ரேயர்ஃபெஸ்ட்டில் ‘சர்ப்ரைஸ்’ குதிரை என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே என்ன நிறம் என்று தெரியாத மூடிய பெட்டி. பல நிறங்கள், சிலது மினுமினுப்பு, சிலது மங்கல். எது கொஞ்சமாகச் செய்தார்களோ அதற்கு மவுசு. வாங்கின கையோடு பிரித்துப் பார்த்து, அங்கேயே பண்டமாற்று நடக்கிறது. அச்சு ஒன்று, செதுக்கல் ஒன்று, கால் அதே கால். எண்ணிக்கை மட்டும் வேறு. ஏலத்தில் ஒற்றைப் பிரதிக் குதிரைகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. குளம்பின் சாய்வைக் கவனிக்கப் பழகின கண்ணை, லாட்டரிச் சீட்டு பார்க்கிற கண்ணாக மாற்றுகிற வேலை இது. வரிசையில் பத்து வயசுப் பெண் குழந்தையும் நிற்கிறது. அதற்கு நிறம் பிடித்திருந்தாலும், ‘ஐயோ, இது சாதாரணம்தான்’ என்று பக்கத்தில் யாராவது சொன்னால் முகம் விழுந்துவிடாதா? எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. கம்பெனி லாபத்துக்குத்தான் நடக்கிறது என்று சமாதானம் சொல்வீர்கள். நடக்கட்டும். நல்ல குதிரை செய்தே சம்பாதிக்கலாம்.

விழாவின் நிஜமான இடம் பூங்காவில் இல்லை, ஹோட்டலில் இருக்கிறது. சாயங்காலமானால் வெளியூரிலிருந்து வந்து ரூம் போட்டவர்கள் கதவைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். ரூமே கடை. கட்டில் மேல் குதிரை, டி.வி. மேஜை மேல் குதிரை, பாத்ரூம் வாசல் வரை குதிரை. ஜனங்கள் தாழ்வாரத்தில் கதவு கதவாக ஏறி இறங்குகிறார்கள்.

அங்கே தரையில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தால் அதைப் பாருங்கள். ‘பாடி’ என்பார்கள். காது உடைந்தது, வால் போனது, பெயின்ட் உரிந்தது, பழசாகி மஞ்சளடித்தது எல்லாம் சல்லிசான விலையில் குவிந்து கிடக்கும். அதைத் தேடி வருகிற கூட்டம் தனி. வாங்கிப்போய் ரம்பத்தால் அறுத்து, சூடு காட்டிக் கழுத்தைத் திருப்பி, எபாக்ஸி வைத்துப் புதிதாகத் தசை கட்டி, பிடரி போட்டு, வேறு குதிரையாக்கிவிடுவார்கள். இந்தக் கலைஞர்களில் பலர் இப்படி உடைந்த குதிரையில்தான் கை பழகியவர்கள். அவர்கள் எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்று கேட்பதில்லை. பெட்டிக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, எந்தக் கால் தேறும் என்று பார்க்கிறார்கள்.