தாழ்ந்த ஒலியில் கேட்கும் அப்பியாசம்

ஒலிக்கலவை மேஜையின் முன் புதிதாக அமர்பவனுக்கு மூத்தவர்கள் உபதேசிக்கும் முதற்பயிற்சி யாதெனில், அருகிலிருப்பவர் குரலை உயர்த்தாமல் பேசினாலும் காதில் விழுமளவுக்கு ஸ்பீக்கரின் ஒலியைத் தாழ்த்திவிட்டு, பாடகரின் குரலும் வாத்தியங்களும் ஒன்றுக்கொன்று எந்தத் தாரதம்மியத்தில் நிற்கின்றன என்று செவியால் நிதானிப்பதேயாகும். 1982-இல் வெளிவந்த 'த்ரில்லர்' இசைத்தட்டின் ஒலிக்கலவையாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் போன்ற நிபுணர்கள், ஆடம்பரமான பெரிய ஸ்பீக்கர்கள் கைவசமிருந்தும், ஆரடோன் என்னும் சிறு பெட்டியை நாடியதும் ஏறக்குறைய இதே நோக்கத்தினால்தான்.

இவ்வழக்கத்தின் பலம் சாமானியமானதன்று. ஒரே பாட்டின் இரு கலவைகளில் ஒன்றை ஒரு டெசிபல் மட்டும் உயர்த்தி ஒலிக்கவிட்டால், கேட்பவர் பெரும்பாலும் அதையே சிலாகிப்பார். காரணம் வினவினால் தெளிவென்றும் ஆழமென்றும் சொல்லுவாரேயன்றி, உரத்திருக்கிறது என்று சொல்லமாட்டார். ஒலியைத் தாழ்த்தியதும் இந்த மயக்கம் கலைந்து, கிதாரின் அடியில் அமிழ்ந்துபோன சொற்களும், அளவு மீறித் துருத்தும் ஸ்னேர் முரசும் தாமாகவே வெளிப்பட்டுவிடுகின்றன. செவியின் ஆரோக்கியத்துக்கும் இது அனுகூலம்: 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது.

ஆயினும், தாழ்ந்த ஒலியில் சரியாக அமைந்த கலவை எந்த ஒலியிலும் சரியாகவே இருக்கும் என்று இதன் அபிமானிகள் சாதிக்கும்போது, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வெளியிட்ட உண்மையை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மனிதச் செவி எல்லா சுருதிகளையும் சமமாகக் கேட்பதில்லை. அந்தப் பட்சபாதமும் ஒலியின் அளவுக்கேற்ப மாறுகிறது. 40 டெசிபலில் ஒலிக்கும் 1000 ஹெர்ட்ஸ் நாதத்துக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால், 100 ஹெர்ட்ஸ் நாதத்துக்குச் சுமார் 24 டெசிபல் கூடுதலாக வேண்டும். 80 டெசிபலிலோ சுமார் 12 கூடுதலாயிருந்தால் போதும். ஆகவே தாழ்ந்த ஒலியை மட்டுமே நம்பி பேஸை நிர்ணயிப்பவன், குறைவென்று கருதி அதை ஏற்றிவிடுகிறான். பெரிய அரங்கில் உரக்க ஒலிக்கும்போது அதுவே இடியென முழங்கிக் குரலை விழுங்குகிறது. எதிரொலியின் மெல்லிய வால்கூட ஏ.சி. இரைச்சலில் கரைந்துபோவதால், அதையும் தேவைக்கு மேல் சேர்க்கத் தோன்றும். குரல் சஞ்சரிக்கும் நடுத்தர சுருதிகளுக்கு இம்முறை நேர்மையான நீதிபதி. மற்றவற்றுக்கு அதன் தீர்ப்பு செல்லாது என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொரு குறை, என் மதிப்பில் இதைவிடப் பெரியது. குமிழைத் தணிப்பதனால் மட்டும் செவி பயிற்சி பெற்றுவிடாது. குரல் எத்தனை டெசிபல் தாழ்ந்திருக்கிறது என்று முதலில் மனத்தில் ஊகித்து, பிறகு ஃபேடரை நகர்த்தி ஊகத்தைச் சோதிப்பவனுக்கே அளவின் ஞானம் வாய்க்கும். அதற்கும், தினந்தோறும் மாறாத ஒரு கேட்கும் அளவு அவசியம். திரைப்பட ஒலிக்கலவைக் கூடங்களில் ஒவ்வொரு திரை ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்கு நிர்ணயித்து வைக்கும் மரபு இந்த விஷயத்தில் இசைத்துறையைவிட ஒருபடி விவேகமானது. சிறிய அறையில் அவ்வளவு உரப்பு வேண்டியதில்லை. குமிழில் தாழ்ந்தது ஒன்று, நடுத்தரமானது ஒன்று என இரண்டே குறிகள் இட்டுக்கொண்டு, குரலை முதற்குறியிலும், பேஸையும் எதிரொலியையும் இரண்டாம் குறியில், நன்கு பழகிய ஓர் இசைத்தட்டைச் சம அளவில் அருகே ஒலிக்கவிட்டும் தீர்மானித்தால் போதும்.