'நீ' என்றால் யார்? சென்னையில் இருந்து இரண்டு பாலஸ்தீனக் கவிதைகள்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்து, அடையாறில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த சமயத்தில்தான் காஸாவில் ரெஃபாத் அல்-அரீர் கொல்லப்பட்ட செய்தியும் வந்தது. இங்கிலீஷ் இலக்கியப் பேராசிரியர், கவிஞர். தான் செத்துப்போனால் என்ன செய்யணும் என்று சொல்லும் கவிதை ஒன்றை அதற்கு ஒரு மாதம் முன்னால் மறுபடி பகிர்ந்திருந்தார். அடுத்த சில நாட்களில் அந்தக் கவிதையின் தமிழாக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் போனில் வந்து விழுந்தன. பலரும் ராத்திரியோடு ராத்திரியாக மொழிபெயர்த்திருந்தார்கள்.

கவிதையின் விஷயம் எளிமையானது. நான் சாக வேண்டி வந்தால் நீ வாழணும், என் கதையைச் சொல்லணும், என் பொருட்களை விற்றுத் துணியும் நூலும் வாங்கி ஒரு காற்றாடி செய்யணும், அப்பாவுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை அதைப் பார்க்கணும். அவ்வளவுதான்.

தமிழில் வந்ததும் முதல் சிக்கல் அந்தக் காற்றாடியில். 'பட்டம்' என்று எழுதினால் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் ஞாபகம் வருது. ஈழத்து வாசகருக்கோ அதே சொல் வல்வெட்டித்துறையின் தைப்பொங்கல் பட்டத் திருவிழாவைக் கொண்டுவரும். 'காத்தாடி' என்றால் நேராகச் சென்னை மொட்டை மாடி. அதோடு மாஞ்சா நூலும் வந்துவிடும், பைக்கில் போனவர் கழுத்து அறுபட்ட பேப்பர் செய்தியும் வரும். வெள்ளைத் துணியில் செய்த, குழந்தைக்கு ஆறுதல் தரவேண்டிய ஒரு பொருள் நம் ஊரில் ரத்தத்தோடு சேர்ந்த சொல்லாக இருக்கு. மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டும்.

ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் 'நீ'. அரீர் இங்கிலீஷில் எழுதினார். அந்த மொழியில் மகளைக் கூப்பிடவும், மாணவரைக் கூப்பிடவும், முகம் தெரியாத ஆயிரம் பேரைக் கூப்பிடவும் ஒரே சொல்தான். தமிழில் அப்படி முடியாது. நீ, நீங்கள், நீர் என்று எதையாவது ஒன்றை எடுத்தாகணும். எடுத்த நிமிஷமே எதிரே நிற்பவர் யார், அவருக்கும் பேசுபவருக்கும் என்ன உறவு என்று முடிவாகிவிடுகிறது. நான் பார்த்த தமிழாக்கங்களில் பெரும்பாலும் 'நீ'தான். படித்தவர்கள் எல்லோரும் அந்த 'நீ'யைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். கவிதை கேட்பதும் அதைத்தான்.

மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை' இதற்கு நேர் எதிர். அங்கேயும் ஒரு 'நீ' உண்டு. அது ஓர் இஸ்ரேலிய அதிகாரி. விவரம் கேட்கும் அந்த ஆளைப் பார்த்து ஓர் அரபுத் தொழிலாளி பேசுகிறார். எழுதிக்கொள்ளச் சொல்கிறார்: அட்டை எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, செய்யும் வேலை. அரபு மூலத்தில் அந்தக் கட்டளை ஆண்பால் ஒருமை. அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் இதுவே பெரிய முடிவு. தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று 'எழுதுங்க சார்' என்பதற்கும் 'எழுதுடா' என்பதற்கும் நடுவில் எத்தனை தலைமுறை இருக்கு, நமக்குத் தெரியும். அதிகாரியை ஒருமையில் விளிப்பதே தமிழில் ஒரு கலகம்.

தமிழுக்கு இந்தக் கவிதை முக்கியமாக எம்.ஏ. நுஃமான் வழியாக வந்தது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம், தமிழறிஞர், கவிஞர். அவருடைய 'பலஸ்தீனக் கவிதைகள்' முதலில் வெளிவந்த ஆண்டு 1981. யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே ஆண்டு. அதைப் பற்றி 'புத்தரின் படுகொலை' எழுதியவரும் இவரே. அதனால் அந்தத் தொகுப்பைத் தமிழ் வாசகர்கள் ஒரு கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. பாலஸ்தீனர் என்ற இடத்தில் ஈழத்தமிழர், இஸ்ரேல் என்ற இடத்தில் சிங்கள அரசு.

இந்தக் கண்ணாடி வெறும் வாசிப்பில் உருவானதும் இல்லை. எழுபதுகளிலேயே ஈழத்து இளைஞர்கள் சிலர் ஈரோஸ் வழியாக லெபனானில் இருந்த பாலஸ்தீன முகாம்களுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். பிறகு இயக்கங்கள் சென்னைக்கு வந்தன, அடையாறு பக்கம் வீடு எடுத்துத் தங்கின. 1982 மே மாதம் தி. நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். நம் ஊர் ஜவுளிக்கடைத் தெருவரைக்கும் வந்த அரசியல் இது.

1990 அக்டோபரில் கண்ணாடி உடைந்தது. விடுதலைப் புலிகள் வடக்கு மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். வீடு, சாவி, திரும்பிப்போகும் நாள் என்று பாலஸ்தீனக் கவிதையில் என்னவெல்லாம் உண்டோ அவ்வளவும் புத்தளம் அகதி முகாம்களில் இருந்தது. நுஃமானின் தொகுப்பு 2000இல் விரிவாக்கப்பட்டு மறுபடி வந்தது. மொழிபெயர்ப்பாளரும் மொழியும் மாறவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளியின் குரலில் இப்போது யாழ்ப்பாணத்து முஸ்லிம் பேசலாம். எதிரே அட்டையைக் கேட்பவரும் தமிழ் பேசுவார். இரண்டு பதிப்புக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பத்தொன்பது வருஷத்தைப் பேசாமல் தமிழில் பாலஸ்தீனக் கவிதையைப் பேச முடியாது என்பது என் கட்சி.

சென்னையில் பாலஸ்தீன வரலாற்றைப் பரவலாகக் கொண்டுபோனது பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்'. குமுதம் ரிப்போர்ட்டரில் தொடராக வந்து கிழக்கு வெளியீடாக நின்ற புத்தகம். யூதர்களின் பழைய வரலாற்றில் ஆரம்பித்து அராஃபத் வரை கதைபோல வேகமாகக் கொண்டுபோகும். என் நண்பர்கள் பலருக்கு ஆஸ்லோ என்ற பெயரே அதில்தான் அறிமுகம். அதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரலாறு 'அவர்கள்' என்று பேசும். யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடலாம். கவிதையில் 'நீ' இருப்பதால் அப்படிச் சுலபமாக மூட முடிவதில்லை.

தர்வீஷ் வாழ்க்கையில் இரண்டு வருஷங்கள் முக்கியம். 1948இல் அவருடைய அல்-பிர்வா கிராமம் பறிபோனது. குடும்பம் லெபனானுக்கு ஓடி, அடுத்த வருஷம் திரும்பியபோது கணக்கெடுப்பு முடிந்திருந்தது. சொந்த மண்ணில் இருந்தும் சட்டப்படி 'இல்லாதவர்கள்' ஆனார்கள். 1964இல் 'அடையாள அட்டை'. இதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. இதே 1964இல்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த மலையகக் குடும்பங்களிலும் பலர் எண்பதுகளுக்குப் பிறகு அகதிகளாக இங்கே வந்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. உள்ளே இருக்கும் பலருக்கும் குடியுரிமை இன்னும் வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை, மதங்கள் பட்டியலில் இஸ்லாம் இல்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் ஒருவர் 'அடையாள அட்டை'யை உரக்கப் படித்தால், எதிரே பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரி எந்த மொழி பேசுவார்?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ வீடு தேடும்போது புரோக்கர் முதலில் கேட்கும் கேள்வி பெயர். அடுத்தது சொந்த ஊர். மூன்றாவது, 'வெஜ்தானே?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிராதவர்கள் சாயங்காலம் காஸாவுக்காக ஸ்டோரி போடுகிறோம். போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் போட்டவன். ஆனால் அரீரின் கவிதை 'நீ' என்று கூப்பிடும்போது உடனே முன்னால் வந்து நிற்கிற நாம், தர்வீஷின் கவிதை 'நீ' என்று கூப்பிடும்போது மட்டும் ஏன் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறோம்?

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், சத்தமாக. தர்வீஷைப் படிக்கும்போது அந்தத் தொழிலாளியின் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். பேனா உங்கள் கையில் இருக்கட்டும்.