பூவைப் பார்க்காத காகிதப்பூ

வீட்டில் காகிதப்பூ செய்வதற்கு ஆதரவாக இப்போது எல்லாரும் சொல்லும் வாதம் ஒன்றுதான்: எளிது. டெம்ப்ளேட்டை அச்செடுங்கள், கோட்டின் மேல் வெட்டுங்கள், பென்சிலில் சுருட்டுங்கள், க்ளூ கன்னால் ஒட்டுங்கள். அரைமணியில் ரோஜா தயார். வளைகாப்பு மேடையின் பின்திரையில், கொலுப்படியின் பக்கச் சுவரில், பிறந்தநாள் வளைவில் எங்கும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கள். “பார்த்து வெட்டத் தெரிந்தால் போதும், யாருக்கும் வரும்” என்பதை இந்தக் கலையின் பெருமையாகவே சொல்கிறார்கள். என் மறுப்பு அந்தப் பெருமையின் மேல்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். செலவு குறைவு. தை மாதத்தில் மல்லிகை கிலோ ஆயிரங்களில் விற்கும்போது மேடை முழுக்க நிஜப்பூ வைக்க எல்லாராலும் முடியாது. கத்தரிக்கோல் பிடிக்கப் பழகும் பிள்ளையின் விரல்களுக்கு நல்ல பயிற்சி. வீட்டோடு இருக்கும் பெண்களுக்குக் கைச்செலவுக்கு ஒரு வழி. ஒரு மதியப் பொழுது கைப்பேசியைத் தள்ளி வைத்திருப்பதும் சின்ன நன்மை இல்லை. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

“வாடாத பூ”, “இயற்கைக்குத் தீங்கில்லாத அலங்காரம்” என்ற இரண்டு புகழுரைகள் மட்டும் நிற்காது. கிரேப் காகிதத்தின் சாயம் வெயிலில் வெளுக்கும், ஈரம் பட்டால் கசியும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இதழ் துவண்டுவிடும். தூசி படிந்தால் கழுவவும் முடியாது. க்ளூ கன்னில் உருகும் குச்சி ஒரு வகைப் பிளாஸ்டிக். ஜிகினா ஒட்டிய ஃபோம் ஷீட்டும் அப்படியே. அவற்றோடு ஒட்டிக்கொண்ட காகிதம் முழுதாய் மட்காது, பழைய பேப்பர்க்காரரும் எடுக்கமாட்டார். மைதாப் பசையும் நூலும் கொண்டு கட்டினால்தான் அந்த இரண்டாவது புகழுரை பொருந்தும்.

இவை பசையை மாற்றினால், இடத்தை மாற்றினால் தீரும் குறைகள். தீராத குறை வேறொன்று. டெம்ப்ளேட்டை வைத்துச் செய்பவர் பூவைப் பார்ப்பதே இல்லை. ஒரு செடியின் பக்கம் போகாமலே வேலை தொடங்கி, முடிந்தும் விடுகிறது. இந்தக் கைவேலையில் கடினமான கட்டமும் பயனுள்ள கட்டமும் ஒன்றுதான்: எதிரே இருக்கும் பூ எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எத்தனை இதழ், எது எதன் மேல் ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் வளைகிறது, நிறம் எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடிய பிறகுதான் கத்தரிக்கோலுக்கு வேலை வர வேண்டும். டெம்ப்ளேட் அந்தத் தேடலைப் பிடுங்கிக்கொண்டு, வெட்டுவதையும் ஒட்டுவதையும் மட்டும் நம்மிடம் விட்டுவைக்கிறது.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட்டில் ஒரே அளவில் ஐந்து இதழ்கள் இருக்கும். அவற்றை வட்டமாக ஒட்டி நடுவில் ஒரு மஞ்சள் குச்சியை நட்டுவிடுவோம். உண்மையான செம்பருத்தியில் ஒவ்வொரு இதழின் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலே ஏறியிருக்கும், மறு விளிம்பு அடுத்ததன் கீழே நுழைந்திருக்கும். மொட்டில் சுருண்டிருந்த முறுக்கு விரிந்த பிறகும் அந்த அடுக்கில் தெரியும். நடுவிலுள்ள தண்டின் பக்கங்களில் மகரந்தப் பைகள் நிற்கும். தண்டின் நுனியில் சூல்முடி ஐந்தாகப் பிரியும். இதழ்களைத் தட்டையாக ஒட்டியதும் அந்த முறுக்கு போய்விடுகிறது, பூ வெறும் நட்சத்திரமாகிறது. செய்தவரிடம் என்ன குறைகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொல்லையில் அதே செடி தினமும் பூத்துக்கொண்டிருக்கும்.

தெருவோரக் காகிதப்பூச் செடியே இன்னொரு பாடம். நாம் இதழ் என்று நினைக்கும் மூன்று வண்ண மடல்களும் உண்மையில் நிறம் மாறிய இலைகள். பூ என்பது அவற்றின் நடு நரம்பில் ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு வெளிர்க்குழல். ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் செய்தால், தாவரவியல் பாடத்தில் ஒரு பக்கத்தைக் கையாலேயே படித்துவிடும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவப்பேறும். அதைச் செய்ய உட்காருபவர் எந்த வேளைப் பூவைச் செய்வது என்று முதலில் முடிவெடுத்தாக வேண்டும். செடியைப் பார்த்தவருக்கு மட்டுமே இந்தக் கேள்வி எழும். தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளோ காகிதத்துக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது: பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்கள், நெளிந்த விளிம்பு, அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, செங்கோணத்தில் மடங்கிப் பக்கவாட்டில் நீளும் சூல்தண்டு. பயிற்சி வகுப்புகளின் பட்டியலில் நான் அதைக் கண்டதில்லை. அங்கே இருப்பவை பியோனியும் ரனன்குலஸும். நம் சமவெளியில் விளையாத பியோனியை, நேரில் கண்டிராத ஆசிரியர், நேரில் கண்டிராத மாணவருக்குச் சொல்லித்தருகிறார். பூவின் பிரதியையே பிரதி எடுக்கிறார்கள். இதற்குக் கலை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பொருளைப் பற்றிய அறிவும் இதனால் மழுங்குகிறது. கிரேப் காகிதத்தின் சுருக்கங்கள் இதழின் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும் என்று டெம்ப்ளேட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். ஏன் என்று இருக்காது. இதழின் நரம்புகள் அடியிலிருந்து விளிம்புக்கு ஓடுவதைக் கண்டவருக்கு அந்தச் சுருக்கம் நரம்பாகத் தெரியும். சுருக்கத்துக்குக் குறுக்கே இரு கட்டைவிரலாலும் இழுத்தால் நடுவில் குழிவு விழும் என்பதும், எந்தப் பூவுக்கு எவ்வளவு குழிவு வேண்டும் என்பதும் பூவைப் பார்த்துத்தான் பிடிபடும். அம்புக்குறியை மட்டும் பின்பற்றியவர் காகிதம் மாறினால் தடுமாறிப்போவார்.

பார்ப்பதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இங்கிலாந்தின் மேரி டெலானியே சான்று. 1700இல் பிறந்தவர், எழுபது வயதைக் கடந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினார். எதிரே செடியை வைத்துக்கொண்டு மெல்லிய காகிதத்தில் இதழையும் இலையையும் நரம்பையும் தனித்தனியே வெட்டி, கறுப்புத் தாளின் மேல் ஒட்டினார். கண் பார்வை மங்கும்வரை சுமார் பத்தாண்டுகளில் அவர் செய்தவை ஏறத்தாழ ஆயிரம். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்தச் செடி என்பது பார்த்ததும் தெரியும். அவை தட்டையான ஒட்டுப்படங்கள், நம் கம்பிப் பூக்களைப் போல எழுந்து நிற்பவை இல்லை. ஆனாலும் உழைப்பின் வரிசை அவரிடம் சரியாக இருந்தது: முதலில் கண், பிறகு கை.

எல்லாக் காகிதப்பூவும் நிஜப்பூவைப் போலவே இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். ஜப்பானின் நாரா நகரில், 752இல் தொடங்கிய ஷூனிஎ வழிபாட்டுக்காக டோடைஜி கோயிலின் துறவிகள் இன்றும் காகிதக் கமேலியா செய்கிறார்கள். சிவப்பு இதழும் வெள்ளை இதழும் மாறிமாறி, நடுவில் மஞ்சள். அப்படியொரு பூ மரத்தில் பூப்பதில்லை. ஆனால் அதற்கு மூலம் அதே கோயில் வளாகத்தில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட கமேலியா மரம். அதன் சிவப்பு இதழ்களில் வெள்ளைத் திட்டுகள் உண்டு. பார்த்து, தெரிந்து, பிறகு மாற்றியிருக்கிறார்கள். நம் ஊரிலும் மாட்டுப் பொங்கலுக்குக் கட்டும் நெட்டி மாலையும் காவடியின் காகித அலங்காரமும் எந்தப் பூவின் பெயரையும் சொல்லிக்கொள்வதில்லை. தூரத்திலிருந்து தெரிய வேண்டும், ஆடும்போது அசைய வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த சொந்த வடிவங்கள் அவை. பூவைப் போல இரு, அல்லது உனக்கென்று ஓர் உருவம் கொள். இரண்டுமே நேர்மையான வழி. டெம்ப்ளேட் ரோஜாவோ ரோஜா என்று பெயர் சொல்லிக்கொண்டு ரோஜாவை அறியாமல் நிற்கிறது.

“புதிதாகக் கற்பவருக்கு ஒரு பிடி வேண்டாமா?” என்பது இன்னொரு வாதம். வேண்டும்தான். புள்ளி வைத்துக் கோலம் பழகிய பெண் கொஞ்ச நாளில் தானே ஒரு புதுக் கோலம் இழுத்துவிடுவாள். ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறவளுக்கு எத்தனை வருடம் ஒட்டினாலும் அடுத்த ஸ்டிக்கரைத்தான் வாங்கத் தெரியும். புள்ளி ஒரு முறையைக் கற்றுக்கொடுக்கிறது, ஸ்டிக்கர் முடிவை மட்டும் கொடுக்கிறது. டெம்ப்ளேட்டை ஆதரிப்பவர்கள் அதைப் புள்ளி என்கிறார்கள். நான் பார்த்தவரை அது ஸ்டிக்கராகவே இருக்கிறது.

வருமானம் என்ற வாதத்தையும் இதே குறைதான் அரிக்கிறது. ஒரே டெம்ப்ளேட் எல்லாரிடமும் இருந்தால் எல்லாரும் விற்பது ஒரே பூ. அப்புறம் விலையைக் குறைப்பதைத் தவிரப் போட்டியிட வேறு வழியில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளில் தாய்மாரும் குழந்தைகளும் செயற்கைப் பூ கட்டிய காட்சிகளைப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் படமெடுத்தார். இதழ்கள் ஆலையில் வெட்டப்பட்டு வீட்டுக்கு வரும். ஒட்டிக் கட்டுவது மட்டுமே வீட்டு வேலை. 144 பூக்களுக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி. வடிவம் தன் கையில் இல்லாத தொழிலாளி விலை பேச முடியாது. இன்று நம் பெண்கள் தாங்களே விரும்பிச் செய்கிறார்கள், அந்தக் கொடுமை இல்லை. ஆனால் வடிவம் அவர்கள் கையில் இல்லை என்பது மாறவில்லை. செங்காந்தளைத் தானே பார்த்து வரைந்து செய்பவரின் பூவை, அடுத்த தெருவில் பாதி விலைக்கு யாரும் உடனே விற்றுவிட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: காகிதப்பூ நல்ல கைவேலை, டெம்ப்ளேட் அதன் எதிரி. இந்த வாரம் செய்ய உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதையும் அச்செடுக்காதீர்கள். வாசலில் உள்ள செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து, இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாளின் மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் வரையுங்கள். பிரிக்கும்போது எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பூ கோணலாகத்தான் வரும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் இப்படியே தொடங்கட்டும். போட்டிகளில் அழகான பூவுக்குப் பரிசு கொடுக்கும் முன், இது எந்தச் செடியின் பூ, அதை எங்கே பார்த்தாய் என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.